கனவுக்கும் நனவுக்கும் இடையே

உறக்கத்தில் காண்பதையும் கனவு என்கிறோம். விழித்திருக்கும்போது மனத்தில் வளர்த்துக்கொள்ளும் விருப்பத்தையும் கனவு என்கிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். கனவுக்கு மறுநிலையான விழிப்பைக் குறிக்க நம் முன்னோர் 'நனவு' என்ற அழகிய சொல்லை வழங்கினர். திருவள்ளுவர் 'கனவுநிலை உரைத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பிரிந்து சென்ற தலைவன் நனவில் வராவிட்டாலும் கனவிலேனும் வருகிறானே என்று அதில் தலைவி ஆறுதல் கொள்கிறாள். காதலுக்கு அந்த ஆறுதல் போதும், வாழ்க்கைக்குப் போதுமா?

வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றும் நம் மேசைக்கு நாள்தோறும் வருபவை இரண்டாம் வகைக் கனவுகள். சொந்த வீடு, மகளின் உயர்கல்வி, மகனுக்கு ஒரு சிறு பட்டறை, ஓய்வுக்குப் பின் சொந்த ஊரில் ஒரு தோப்பு என அவை பல. அவற்றுள் சில நனவாகின்றன. சில நனவாகாமலே மறைகின்றன. வேறு சிலவோ நனவான பிறகு கண்டவரையே வருத்துகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கனவின் அளவைப் பொறுத்ததா, காண்பவரின் வசதியைப் பொறுத்ததா? வரலாற்றில் பதிவான இரண்டு கனவுகளை வைத்துச் சிந்திப்போம். ஒன்று உறக்கத்தில் வந்தது. மற்றொன்று விழிப்பில் எழுந்தது.

படிக்க முடியாமற்போன குறிப்பு

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். நரம்பின் செய்தி உடலுறுப்புகளுக்கு மின்சாரமாகச் செல்கிறதா, வேதிப்பொருள் வழியாகச் செல்கிறதா என்பது அக்காலத்தில் விடை காணப்படாத கேள்வி. வேதிப்பொருளாக இருக்கலாம் என்ற எண்ணம் லோவிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்தது. ஆனால் அதை மெய்ப்பிக்க வழி தெரியவில்லை.

ஓர் இரவு, அதற்கான சோதனை முறை அவருக்குக் கனவில் தோன்றியது. திடுக்கிட்டு விழித்தவர், ஒரு சிறு தாளில் சில சொற்களைக் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கிப்போனார். காலையில் எழுந்து பார்த்தபோது தம் கையெழுத்தைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணியளவில் அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளைத் தேடவில்லை. எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். ஒரு தவளையின் இதயத்தை, அதன் வேகத்தைக் குறைக்கும் நரம்போடு எடுத்து, அந்த நரம்பைத் தூண்டினார். அப்போது அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த உப்புக் கரைசலை மற்றொரு தவளையின் இதயத்துக்கு மாற்றினார். நரம்பே இல்லாத அந்த இரண்டாம் இதயமும் வேகம் குறைந்து துடித்தது. செய்தியைக் கொண்டு சென்றது வேதிப்பொருள்தான் என்பது உறுதியாயிற்று. இதற்காக 1936ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் ஹென்றி டேல் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டு இரவுகளிலும் வந்த கனவு ஒன்றே; கண்டவரும் ஒருவரே. முதல் இரவில் அது படிக்க முடியாத குறிப்பாக நின்றது. இரண்டாம் இரவில் அது கைக்கு வேலையாக மாறியது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, நம் நாட்டின் மிகப் பெரிய விழிப்புக் கனவுகளுள் ஒன்றைக் காண்போம்.

1882இல் எழுந்த கனவு

குஜராத்தின் நவ்சாரியில் 1839இல் பிறந்த ஜம்சேத்ஜி நசர்வான்ஜி டாட்டா, பருத்தி ஆலைத் தொழிலில் பெயர் பெற்றவர். 1882ஆம் ஆண்டு, தம் 43ஆம் வயதில், ஜெர்மானிய நிலவியல் அறிஞர் ஒருவர் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டது. இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள சந்திரபூர்ப் பகுதியில் சிறந்த இரும்புத் தாது இருப்பதாக அதில் கூறப்பட்டிருந்தது. இந்தியர் தம் நாட்டிலேயே பெரிய அளவில் எஃகு உருக்கவேண்டும் என்ற கனவு அவர் உள்ளத்தில் அன்று வேரூன்றியது.

கனவு பெரிது, நனவோ கடுமையானது. அருகில் கிடைத்த வரோரா நிலக்கரி, இரும்பு உருக்குவதற்கு ஏற்றதன்று எனச் சோதனையில் தெரிந்தது. சுரங்க உரிமம் பெறுவதற்கான அன்றைய விதிகளும் கடினமாக இருந்தன. ஜம்சேத்ஜி அந்தக் கோப்பை மூடிவைத்தார், கிழித்தெறியவில்லை. 1899இல் கர்சன் பிரபு காலத்தில் கனிம விதிகள் தளர்த்தப்பட்டதும், பதினேழு ஆண்டுகளாக உறங்கிய கோப்பை மீண்டும் திறந்தார்.

1902இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், அவர் அமெரிக்கா சென்றார். எஃகு ஆலைகளை நேரில் கண்டார். சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரை நியூயார்க்கில் சந்தித்து, இந்தியாவுக்கு வந்து தாதும் நிலக்கரியும் ஒருங்கே கிடைக்கும் இடத்தைக் கண்டறியுமாறு வேண்டினார். பெரின் தம் கூட்டாளியான வெல்ட் என்ற நிலவியல் வல்லுநரை முதலில் அனுப்பிவைத்தார். வெல்ட் தொடக்க ஆய்வுகளில் ஈடுபட்டிருந்த 1904ஆம் ஆண்டு மே மாதத்திலேயே ஜம்சேத்ஜி ஜெர்மனியில் காலமானார். அவருடைய பெருங்கனவுகளுள் அவர் கண்ணால் கண்டது, 1903இல் பம்பாயில் திறக்கப்பட்ட தாஜ் மகால் விடுதி ஒன்றுதான். எஃகு ஆலையும், பெங்களூரில் அமையவிருந்த அறிவியல் கழகமும், மேற்குத் தொடர்ச்சி மலை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டமும் அப்போது தாளில் மட்டுமே இருந்தன.

ஆயினும் அவை படிக்கத்தக்க தாள்களாக இருந்தன. இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அருங்காட்சியகத்தில் ஒரு வரைபடம்

மூத்த மகன் தோராப்ஜி, வெல்ட்டுடன் சந்திரபூர்க் காடுகளில் அலைந்தார். அங்குள்ள தாது ஓர் ஆலையை நடத்தப் போதாது என்பது உறுதியாயிற்று. இருபதாண்டுக் கனவின் அடித்தளமே தகர்ந்தது. முயற்சியைக் கைவிடும் முடிவைத் தெரிவிக்க நாகபுரியில் அரசு அதிகாரியைக் காணச் சென்றார் தோராப்ஜி. காத்திருக்க நேர்ந்தபோது எதிரில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அங்கே மாட்டியிருந்த நிலவியல் வரைபடத்தில், துர்க் மாவட்டம் இரும்புத் தாதைக் குறிக்கும் அடர்ந்த நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது. அவ்வாறு கண்டறிந்த தல்லி ராஜ்ஹரா மலைகளில் தாது மிகச் சிறப்பாக இருந்தது. ஆனால் பக்கத்தில் உருக்குவதற்கேற்ற நிலக்கரியும் இல்லை, போதிய நீரும் இல்லை. எனவே நல்ல தாதையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் பிலாய் எஃகு ஆலைக்குத் தாது வழங்கியவை அதே மலைகளே.

அந்தத் துர்க் பகுதியை இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக முன்னரே ஆராய்ந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பிரமத நாத் போஸ். பணி ஓய்வுக்குப் பின் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் பணியாற்றிய அவர், அங்குள்ள கோருமஹிசானி மலையில் வளமான இரும்புத் தாது இருப்பதை 1904 பிப்ரவரியில் ஜம்சேத்ஜிக்குக் கடிதம் மூலம் தெரிவித்திருந்தார். அக்கடிதம் காப்பாற்றப்பட்டது, படிக்கப்பட்டது, அதன் வழியே ஆட்கள் அனுப்பப்பட்டனர். மயூர்பஞ்சில் தாது, ஜாரியாவில் நிலக்கரி, இரண்டுக்கும் இடையே சுவர்ணரேகா, கர்காய் ஆகிய ஆறுகள் கூடும் இடத்தில் வற்றாத நீர், அருகில் ரயில் பாதை. இவ்வாறு கண்டறியப்பட்டதே சாக்சி என்ற சிற்றூர்.

கனவு தொடங்கிய இடமும் அது நனவான இடமும் பல நூறு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. தந்தை குறித்த ஊரிலேயே ஆலை அமைய வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்திருந்தால் ஆலையே எழுந்திராது.

8,000 கையொப்பங்கள்

இடம் கிடைத்தது, பணம்? இந்தியத் தொழில்கள் அக்காலத்தில் மூலதனத்துக்கு லண்டன் சந்தையை நாடுவது வழக்கம். அங்கே சந்தை தளர்ந்திருந்தது; பணம் தருவோர் கட்டுப்பாட்டையும் கேட்டனர். வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் எழுந்திருந்த நேரம் அது. 1907 ஆகஸ்டு மாதம் டாட்டா நிறுவனத்தார் இந்திய மக்களிடமே பங்குகளை விற்க முன்வந்தனர். பம்பாயில் அவர்களது அலுவலகத்தின் முன் விடியற்காலை முதல் இரவு வரை மக்கள் கூடினர். மூன்றே வாரங்களில் 16,30,000 பவுண்டு மூலதனம் முழுவதும் சேர்ந்தது. அளித்தவர்கள் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள்.

ஒரு தனிமனிதரின் கனவு 8,000 பேருடைய கனவாயிற்று. அவர்கள் வெறும் உணர்ச்சியை நம்பிப் பணம் தரவில்லை. தாது எங்கே, நிலக்கரி எங்கே, நீர் எங்கே என்ற கேள்விகளுக்கு அதற்குள் விடை இருந்தது. கண்டவரைத் தவிர வேறெவரும் படிக்க இயலாத கனவுக்கு மூலதனம் சேர்வதில்லை.

அப்போதும் ஐயுற்றவர்கள் இருந்தனர். இந்தியாவில் உருவாகும் எஃகுத் தண்டவாளம் ஒவ்வொன்றையும் தாம் தின்றுவிடுவதாக ரயில்வே உயர் அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தார். 1911 டிசம்பரில் சாக்சியில் முதல் இரும்பு உருகி ஓடியது; 1912 பிப்ரவரியில் முதல் எஃகுப் பாளம் வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கான தண்டவாளத்தை அந்த ஆலை வழங்கிற்று. 1919இல் வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் எனப் பெயரிட்டார்.

ஒன்றையும் இங்கே மறைக்கலாகாது. ஆலை வருவதற்கு முன்பே அப்பகுதியில் சந்தால், ஹோ, பூமிஜ் முதலிய பழங்குடி மக்களின் ஊர்களும் காடுகளும் இருந்தன. ஒருவரது கனவு நனவாகும் நிலம், பெரும்பாலும் வேறொருவர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் நிலம். கனவின் கணக்கை எழுதுவோர் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடகுக்குச் சென்ற நகைகள்

நனவாகிவிட்ட கனவுக்கு ஆபத்து இல்லை என்று எண்ணுகிறோம். போருக்குப் பின் ஆலை பெருமளவில் விரிவாக்கப்பட்டது. அதே காலத்தில் வெளிநாட்டு எஃகு மலிந்த விலையில் குவிந்தது; செலவு ஏறியது. 1924இல், தொழிலாளருக்கு ஊதியம் வழங்கவே பணம் போதாது என்று ஜம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்குத் தந்தி வந்தது.

தோராப்ஜி தம் சொந்தச் செல்வம் முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடாக வைத்தார். அதன் மதிப்பு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். மனைவி மெஹர்பாயின் நகைகளும் அதில் அடங்கும். கோஹினூரைப் போல் இரு மடங்கு பெரியதான, 245 காரட் எடையுள்ள ஜூபிலி வைரமும் அந்த நகைகளுள் ஒன்று. அந்த ஈட்டின் மீது பெற்ற கடனால் ஆலை மூச்சு விட்டது. அதே ஆண்டில் அரசு எஃகுத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரியும் விதித்தது. ஆலை பிழைத்தது. கடன் கொடுத்த அந்த இம்பீரியல் வங்கியே 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது.

நகைக் கடன் என்பதை நம் குடும்பங்கள் பலவும் சற்றுக் கூச்சத்தோடு பேசும் வழக்கம் உண்டு. நாட்டின் முதன்மையான செல்வர்களுள் ஒருவரும் ஒரு நாள் மனைவியின் நகையோடு வங்கியின் வாயிலில் நின்றவரே. ஆடம்பரத்துக்காக அன்று, பிறரது ஊதியத்துக்காக. நகையை எதற்காக வைக்கிறோம் என்பதே பெருமையையும் சிறுமையையும் முடிவு செய்கிறது.

கைவிடப்பட்ட கனவு

ஜம்சேத்ஜி எல்லாக் கனவையும் இறுதிவரை பிடித்துக்கொண்டிருந்தவர் அல்லர். 1890களில், கீழ்த்திசை நாடுகளுக்கு நூலும் பருத்தியும் ஏற்றிச் செல்ல ஜப்பானிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். அத்தடத்தில் ஆதிக்கம் செலுத்திய ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. சரக்கு அனுப்பிய வணிகர்களே அந்த மலிவை நாடிச் சென்றனர். நட்டத்தைக் கணக்கிட்ட ஜம்சேத்ஜி, கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அத்தொழிலை முடித்துக்கொண்டார். அன்று பிடிவாதமாக நின்றிருந்தால் எஃகுக்கான முயற்சிக்கு வேண்டிய செல்வம் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே. எந்தக் கனவிலிருந்து விழித்துக்கொள்வது என்பதும் ஓர் அறிவு.

நம் வீட்டுக் கனவுகள்

டாட்டாக்களின் கோடிகளுக்கும் நம் இலட்சங்களுக்கும் தொலைவு அதிகம். ஆனால் கனவு நனவாகும் வழி இரண்டுக்கும் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளையின் நகைக் கடன் பிரிவுக்கு ஒரு தாயார் வந்தார். மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நான்கு வளையல்களும் ஒரு சங்கிலியும் கைக்குட்டையில் முடிந்திருந்தன. "எல்லாத்தையும் வச்சுக்குங்க சார், வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்" என்றார். "மொத்தம் நான்கு ஆண்டுக்கும் எவ்வளவு ஆகும் அம்மா?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. முதல் பருவத்தின் கட்டணம் மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

ஒரு தாளை எடுத்து அவரும் நாமுமாக எழுதினோம். நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம். நகைகள் அனைத்தையும் வைத்தாலும் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது என்பது அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது. அவர் முகம் வாடிற்று. அதன் பிறகே கல்விக் கடன் பற்றி விளக்கினோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். அவசரமான முதல் பருவத்துக்கு இரண்டு வளையல்கள் மட்டும் அடகுக்கு வந்தன. மீதிப் படிப்புக்குக் கல்விக் கடன். ஏனைய நகைகள் அதே கைக்குட்டையில் வீடு திரும்பின. அடுத்த ஆண்டு அந்த இரண்டு வளையல்களையும் மீட்டுச் சென்றார். நான்கு ஆண்டு கழித்து, கடனின் முதல் தவணையைத் தன் ஊதியத்திலிருந்து கட்ட அந்த மகளே நேரில் வந்தார்.

அந்தத் தாயாரின் கனவு எப்போதும் உண்மையானதே. அது மற்றொருவர் படிக்கக்கூடிய கணக்காக அன்றுதான் மாறியது.

வீட்டுக் கனவுக்கும் இது பொருந்தும். 30 இலட்ச ரூபாய்க் கடனை, எடுத்துக்காட்டாக 8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 62.5 இலட்சம். அதே கடனை 15 ஆண்டுகளில் முடிப்பதென்றால் தவணை 29,540 ரூபாய் அளவில் இருக்கும்; மொத்தம் 53.2 இலட்சம். மாதந்தோறும் 3,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட இயன்றவருக்கு ஒன்பது இலட்சத்துக்கு மேல் மிச்சம். வீடு ஒன்றே, கனவும் ஒன்றே, நனவின் விலை மட்டும் வேறு. எது தம் குடும்பத்துக்குத் தாங்கும் என்பதைக் கையொப்பமிடும் முன் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து எழுதிப் பார்ப்பது நலம்.

ஆகவே, தங்கள் கனவு எதுவாயினும் வங்கிக்கு வருமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். முழுமைக்கும் ஆகும் செலவு எவ்வளவு? கையில் இருப்பது எவ்வளவு? மாதந்தோறும் எவ்வளவு தாங்கும்? வருவாய் ஓராண்டு தடைப்பட்டால் என்ன செய்வோம்? நான்காம் கேள்விக்கு விடை எழுதியவர்கள் கடனால் துன்புற்றதை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

எழுதிய பிறகு, இப்போதைக்கு வேண்டா எனத் தோன்றினால் கோப்பை மூடிவைக்கலாம். ஜம்சேத்ஜியும் பதினேழு ஆண்டுகள் மூடிவைத்தார். வேறு ஊரில், சிறிய மனையில் அமையும் எனத் தோன்றினால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். தோராப்ஜியும் மாற்றிக்கொண்டார். நாம் தொடங்கியது நம் காலத்தில் முடியாவிடினும், நமக்குப் பின் வருவோர் படித்து மேலே செல்லும்படி எழுதிவைத்திருந்தால் அது வீணாவதில்லை.

லோவியின் முதல் இரவுத் தாள் நோபல் பரிசுக்குரிய எண்ணத்தைத் தாங்கியிருந்தும் காலையில் பயன்படவில்லை. தங்கள் கனவை எழுதும்போது, தங்கள் வீட்டார் படிக்கும்படி தெளிவாக எழுதுங்கள். அந்தத் தாளுடன் தாங்கள் வரும்போது, அதைப் படிக்க நம் கிளைகளில் எப்போதும் ஒருவர் இருப்பார்.